அப்பாவின் புருவம்

அன்புள்ள அவியாயாவுக்கு, நூக்கிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே டென்மார்க்கில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், கோபம்தான் தணியவில்லை போலிருக்கிறது. போனை எடுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாய், அதனால்தான் கடிதம். கிழிக்காமல் முழுக்கப் படி.

உன் ராஸ்மஸ் சிவப்புக் கோட்டும் கேமராவுமாய்ச் சுற்றுலாக்காரனாகவே வந்து இறங்கினான். இருந்த நாளெல்லாம் பனிமூட்டத்தைத்தான் படமெடுத்தான். "நூக் அதுக்குள்ள முடிஞ்சிருச்சேம்மா, மீதித் தலைநகரம் எங்கே?" என்று என்னைக் கேட்டான். துருவக்கரடி எங்கே நிற்கும் என்று அப்பாவைக் கேட்டதற்கு, "இன்னிக்கு அதுக்கு லீவு தம்பி" என்றார், பாவம், அதையும் நம்பினான். திமிங்கலத் தோலைக் காலையில் வாயில் போட்டு மத்தியானம் வரை மென்றான், கண்ணில் தண்ணீர் வழிய வழிய "பிரமாதம்மா" என்றான். எனக்கு அப்போதே அவனைப் பிடித்துப்போயிற்று.

கடைசி நாள் காப்பி வேளையில் வேர்க்க விறுவிறுக்க எழுந்து நின்று, "ஐயா, உங்க பொண்ணைக் கட்டிக்கிறேன், சம்மதமா?" என்றான். அப்பா இரண்டு புருவத்தையும் தூக்கினார். நம் வீட்டில் ஆமாம் என்பதற்கு வேறென்ன வேண்டும்? நான் கேக் எடுக்க உள்ளே போய்விட்டேன். அவனோ முகம் வெளுத்து, "என்னைப் பிடிக்கலையா ஐயா?" என்று கேட்டிருக்கிறான். அப்படியெல்லாம் இல்லை என்று அப்பா மூக்கைச் சுருக்கியிருக்கிறார். அவ்வளவுதான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். டாக்சிக்காரரிடம், "அவருக்கு என்னைப் பாத்தாலே குமட்டுது" என்று அழுதானாம். நானும் பின்னாலேயே போனேன், என்றைக்கும் நேரத்துக்குக் கிளம்பாத விமானம் அன்றைக்கென்று கிளம்பித் தொலைந்தது. நம் பாஷையில் பாட்டெல்லாம் சொல்லிக்கொடுத்தாயே, புருவத்தைச் சொல்லிக்கொடுக்கத் தோன்றவில்லையா உனக்கு?

வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று அப்பாவைக் கேட்டால், "சொன்னேனேடி, இன்னும் எத்தனை தரம் சொல்றது?" என்கிறார். ஆனால் நீ பேசாததில் மனிதர் ஒடிந்துபோய்விட்டார், படகைக்கூடத் தொடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை.

இருவரும் சேர்ந்து நீண்ட நாள் சிரித்துக்கொண்டு வாழுங்கள். காதை மூடிக் குல்லாய் போடு. இத்துடன் அப்பாவின் படம் ஒன்று வைத்திருக்கிறேன், ராஸ்மஸிடம் காட்டு. முதலில் எடுத்ததில் புருவம் போதுமான அளவு ஏறவில்லை என்று அவரேதான் மறுபடி எடுக்கச் சொன்னார்.

உன் அம்மா,
நையா