பன்னிரண்டு கிலோ வில்

8 ஜூன் 2025, ஞாயிறு
சர்ச் முடிந்து வாசலில் நின்றபடி வாக்குக் கொடுத்துவிட்டேன். நாற்பத்தொன்பது வயதில் கொடுப்பதற்கு என்னிடம் வேறென்ன இருக்கிறது?

என் மனைவி விக்டோரியா ஆறு மாதமாக நந்தினி டீச்சரிடம் வில்வித்தை பழகுகிறாள். டீச்சரிடம் இருப்பது ஒரே பயிற்சி வில், ஏழு பெண்கள் மாற்றி மாற்றி இழுக்கிறார்கள். ஜூலை இருபதாம் தேதி திருவள்ளூரில் போட்டி: நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு, மரவில் மட்டும், முப்பது மீட்டர். ஆளுக்கொரு வில் வேண்டும். “நானே செஞ்சி தர்றேன்” என்றேன், பாஸ்டரம்மா காதில் விழும்படி.

வீட்டுக்குள் வந்ததும் விக்டோரியா, “நீ அடிச்ச ஷெல்பு இன்னாச்சி? என் மிக்சி மேல உழுந்திச்சி. இப்ப போட்டி மேல உழணுமா?”

மிக்சி பிழைத்துக்கொண்டது. அதை மட்டும் அவள் யாரிடமும் சொல்வதில்லை.

11 ஜூன்
பொதட்டூர்பேட்டை மரக்கடையில் சடச்சி மரத்தில் ஆறடிச் சட்டம் இரண்டு. வளையும், சட்டென்று முறியாது என்றார் கடைக்காரர். “இன்னா நைனா, கட்டிலுக்கா?” வில்லுக்கு என்றேன். அதற்குப் பிறகு ஓரடி தள்ளி நின்றே பேசினார்.

15 ஜூன்
நடுவில் பிடி கனமாக, இரண்டு பக்கமும் மெல்ல மெல்ல ஒல்லியாக, காலையிலிருந்து இழைத்தேன். பழைய பேப்பர்காரரின் கொக்கித் தராசை நாணில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். விக்டோரியா இழுப்பது இருபத்தாறு அங்குலம்; அங்கே பதினான்கு கிலோ காட்டியது. அவள் கை நடுங்காமல் பிடிக்கக்கூடியது பன்னிரண்டுதான் என்கிறார் டீச்சர். இரண்டு கிலோ கூடினால் அம்பு இன்னும் வேகமாகப் போகும், நல்லதுதானே?

17 ஜூன்
எங்கள் கம்பெனியில் லாரிக்குப் போகும் ஒவ்வொரு ஸ்பிரிங் பட்டையையும், அது தாங்க வேண்டிய பாரத்துக்கும் மேலே ஒருமுறை பிரஸ்ஸில் அமுக்கித்தான் அனுப்புவோம். அமுக்கியது பிறகு தொய்யாது. பதினெட்டு வருடமாக நான் பார்க்கும் வேலை. வில்லும் ஒரு ஸ்பிரிங்தானே? காலையில் இருபத்தெட்டு அங்குலம் இழுத்து ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு ஷிப்டுக்குப் போனேன்.

மாலையில் வந்து அவிழ்த்தேன். நிமிரவில்லை. நாணைக் கழற்றியும் வாழைப்பழம் மாதிரி வளைந்தே கிடக்கிறது. தராசில் ஒன்பது கிலோ. ஐயோ, இன்னாடா பண்ணி வச்சிக்கிற? மரம் இன்னா, லாரிப் பட்டையா? எட்டு மணி நேரம் இழுத்துக் கட்டினா உனக்கே இடுப்பு நிமிருமா —

18 ஜூன்
எங்கள் செக்ஷன் ஸ்டீபனிடம் சொன்னது என் தப்பு. கேன்டீன் முழுக்கப் பரப்பிவிட்டான். “மச்சான் வில்லுக்கே ஓவர்டைம் போட்டுட்டாம்பா!”

21 ஜூன், சனி
அந்த வாழைப்பழத்தையும் விக்டோரியா எய்து பார்த்தாள். இருபது மீட்டரிலேயே அம்பு மண்ணைக் குத்தியது. அவள் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. “நான் ஆசப்பட்டது ஒண்ணே ஒண்ணு...” எளாவூரில் ஷைனி என்ற சிநேகிதியிடம் வில் இரவல் கேட்கப் போகிறாளாம்.

கேட்கட்டும். என்னிடம் இன்னொரு சட்டம் இருக்கிறது.

29 ஜூன்
இந்த முறை கொஞ்சம் இழைப்பது, கொஞ்சம் வளைப்பது, விட்டுவிடுவது. சுவரில் கரிக்கோடுகள் போட்டு, இரண்டு பக்கமும் சமமாக வளைகிறதா என்று பார்த்துப் பார்த்து. இருபத்தாறு அங்குலத்தில் சரியாகப் பன்னிரண்டு கிலோ. குதித்தேன்.

டீச்சரின் வில்லும் அதே பன்னிரண்டு கிலோதான். ஒரே அம்பை இரண்டிலும் அண்ணாந்து விட்டுப் பார்த்தோம். டீச்சருடையதில் எண்பத்திரண்டு தப்படி போனது. என்னுடையது எழுபது! விட்டதும் கை வேறு அதிர்கிறது.

“அண்ணே, இழுக்கறப்ப எவ்ளோன்னே பாக்குறீங்க. உடறப்ப அதுல எவ்ளோ அம்புக்குப் போவுது?” என்றார் டீச்சர். நுனிகளைத் தொட்டுக் காட்டினார். முறிந்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டு நுனியையும் கட்டைவிரல் பருமனுக்கு விட்டிருந்தேன். அதிகத் தூரம் பாய வேண்டியது நுனிதான். அங்கே கனம் இருந்தால் வில் முதலில் தன்னையே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், மிச்சம்தான் அம்புக்கு. நான் நாற்காலியிலிருந்து எழுவதும் இப்படித்தான். தொப்பைக்குப் போனது போகத்தான் எனக்கு.

5 ஜூலை
உடைந்த கண்ணாடித் துண்டால் ஒரு வாரம் நுனியைச் சுரண்டினேன். கம்பெனித் தராசில் வில் முன்பு அறுநூற்றுப் பத்து கிராம், இப்போது ஐந்நூற்று எழுபது. கொக்கித் தராசில் அதே பன்னிரண்டு கிலோ. அம்பு போனது எண்பத்தொன்று! மூன்று தடவை நடந்து எண்ணினேன். கை அதிர்வும் இல்லை.

6 ஜூலை
எய்தாள். இருட்டும்வரை எய்தாள்.

19 ஜூலை
ஷைனியின் இரவல் வில்லும் வந்து சேர்ந்துவிட்டது. பளபளவென்று வார்னிஷ். நாளைக்கு எது? நான் கேட்கவில்லை. (இரண்டு தடவைதான் கேட்டேன்.) “காலைல பாத்துக்கலாம், போய்த் தூங்குய்யா.”

20 ஜூலை, ஞாயிறு
இரண்டையும் சுமந்துகொண்டு ரயிலேறினாள். எய்யும் கோட்டில் போய் நின்று பையைத் திறந்து எடுத்தது — என்னுடையது.

என்னால் பார்க்க முடியவில்லை. டீக்கடைக்குப் போய்விட்டேன். டீ வாங்கிக் குடிக்காமலே திரும்பி வந்தேன். பதினான்கு பேரில் ஆறாவது. ஒரு அம்பு இலக்குப் பலகையின் நடு மஞ்சளில். மற்றவற்றில் ஒன்றுகூட மண்ணில் விழவில்லை.

27 ஜூலை
இரவல் வில்லைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. நம் வில்லை நாண் கழற்றி, அவள் கட்டில் பக்கத்துச் சுவரில் படுக்கை வாக்கில் வைத்திருக்கிறாள். கிட்டே போனால், “தொடாத. நீ தொட்டா எதுனா அளப்ப.”

சாப்பிடும்போது மீன் குழம்பை எனக்கு ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “இன்னொண்ணு செய்யி. பதிமூணு கிலோ போடு. தோளு இப்ப தாங்குது.”