சந்தைத் திடலில் நின்ற வண்டி

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் நான்கு மாதமாகிறது. நாளை மறுநாள் தருமபுரியில் மறுபடியும் உபகாரச் சம்பளப் பரீட்சை. இதிலும் தவறினால் என் படிப்பு நின்றுவிடும்.

போன வருஷம் இதே பரீட்சைக்கு ரயிலில்தான் கூட்டிப்போவேன் என்று என் தலையில் கைவைத்துச் சொன்னீர்கள். ரயிலடி நம் தெருக்கோடியில்தான் இருக்கிறது. ஆனால் பரீட்சையன்று விடியுமுன் எழுந்ததும் காளைகளைத்தான் பூட்டினீர்கள்.

"ரயில்னு சொன்னீங்களே அப்பா?"

"அது நம்ம பேச்சைக் கேக்குமா பாப்பா? நம்ம பசங்க கேப்பானுங்க. ஏறு."

வழக்கம்போல் கயிற்றைத் தளர விட்டுக் கண்ணயர்ந்தீர்கள். பூகோளப் புத்தகத்தை மடியில் வைத்தபடி நானும் தூங்கிப்போனேன். காளைகளுக்குத் தெரிந்தது வாரம் தவறாமல் போகும் பாலக்கோட்டுச் சந்தைதான். காலியான திடலில், நாம் எப்போதும் நிறுத்தும் புளியமரத்தடியில் போய் நின்றுவிட்டன. நாம் விழித்தபோது முகத்தில் வெயில் அடித்தது. அதற்குள் தருமபுரியில் பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடக் கதவைச் சாத்தியிருப்பார்கள்.

அதைக்கூட நான் மன்னித்துவிட்டேன். நானும்தானே தூங்கினேன்?

ஆனால் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் என்ன சொன்னீர்கள்? "பரீட்சைன்னதும் பயந்துகிட்டு அழுதா உம் பொண்ணு. பாதியில திருப்பிட்டேன்." சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமல் காளைகளை அவிழ்த்தீர்கள். தூங்கிப்போய்ச் சந்தைக்குப் போனதைக் கேட்டு நாலு பேர் சிரிப்பார்கள் என்று பயந்தது யார் அப்பா? ஒருநாள் நீங்களே சரிசெய்வீர்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்திருந்தீர்களே, அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா?

நேற்று அம்மா சொல்கிறாள்: "பயந்து அழுவறவளை எதுக்கு அனுப்பணும்? அப்பாவே சொன்னாரில்ல? வூட்டு வேலையைப் பாரு." நீங்கள் இல்லாத வீட்டில் உங்கள் பேச்சுக்கு மறுபேச்சில்லை. ஒருவேளை அனுப்பினால் எப்படிப் போவாய் என்று கேட்டாள். "வண்டியிலதான்" என்று என் வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகுதான் திக்கென்றது. அன்று காளைகளைப் பூட்ட உங்களுக்கும் அப்படித்தான் கை தானாகப் போயிற்றோ?

இருக்கலாம். ஆனால் அம்மாவிடம் சொன்னது கைப்பழக்கம் இல்லையே.

இன்று சாயந்திரம் அம்மா மாடு கறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன். அவள் அழுவாள். செத்தவரைக் குறை சொல்கிறாயா என்று அடித்தாலும் அடிப்பாள். அதற்காக ஒரு வார்த்தையைக்கூட மாற்றமாட்டேன். அனுப்பினால் ரயிலில்தான் போவேன். அனுப்பாவிட்டாலும், பயந்தவள் என்ற பெயரோடு இந்த வீட்டில் இருக்கமாட்டேன்.

அன்று அழாத உங்கள் மகள்,
மரகதம்