வூட்டு முழம்

அண்ணி,

ஒரு வாரமாக ஷெட்டுக் கதவு மூடவில்லை. உங்கள் தம்பி புதுக் கார் வாங்கியிருக்கிறார். நல்ல வண்டிதான், கறுப்பு, முன்னால் நீளமாக மூக்கு. உள்ளே விட்டால் மூக்கு பின்பக்கத் தகரத்தை முட்டியது, வால் வாசலில் நின்றது. கதவு இரண்டையும் எவ்வளவு இழுத்தாலும் நடுவில் ஒரு ஆடு தாராளமாக நுழைகிற இடைவெளி இருந்தது. நேற்று நுழைந்தும்விட்டது. குச்சியோடு விரட்டப் போனவள் உங்கள் தச்சுவேலைப் பெஞ்சில் இடித்துக்கொண்டேன். மேலே போர்த்தியிருந்த சாக்கு நழுவி, இடுக்கில் தங்கியிருந்த பலாமரத் தூள் மஞ்சளாகக் கொட்டியது. அந்த வாசனை வந்ததும் குச்சியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆடு எதைத் தின்றதோ, எப்போது போனதோ தெரியாது.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்த வாரம் முழுக்க வீட்டில் சண்டை. ஷெட்டை இடித்துவிட்டு கான்கிரீட்டில் போடலாம் என்றார் உங்கள் தம்பி. கள்ளக்குறிச்சியில் ஒரு கான்ட்ராக்டரிடம் பேசியும் முடித்துவிட்டார், திங்கட்கிழமை ஆள் வருவதாக ஏற்பாடு. பெஞ்சு என்ன ஆகும் என்று கேட்டேன். "யாராவது கேட்டா குடுத்துடலாம், அது இன்னாத்துக்கு இனிமே?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்று சாம்பாருக்கு உப்பே போடவில்லை. அவரும் தட்டை வழித்துத் தின்றுவிட்டுப் போனார். அதுதான் இன்னும் எரிச்சல்.

அந்த ஷெட்டுக்கு முன்னால் நாம் இருவரும் எப்படி இருந்தோம் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. நான் கல்யாணமாகி நைனார்பாளையம் வந்த கொஞ்ச நாளிலேயே நீங்களும் உங்கள் பெட்டியோடு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து இறங்கினீர்கள். ஏன் என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தீர்கள். "ஒத்து வரல, வந்துட்டேன்." அதற்கு மேல் யாரும் கேட்கத் துணியவில்லை. நானும்தான். ஒரே அடுப்படியில் நமக்கு இடம் போதவில்லை. நான் குழம்பு வைத்தால் நீங்கள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவீர்கள். வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருந்தாலும் பரவாயில்லை.

ஆனால் பூ மட்டும் தவறாது. சின்னசேலம் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பூக்கடை போடுவதற்காக நீங்கள் முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுவீர்கள். நான் பள்ளிக்கூடம் புறப்படும்போது என் அறைக் கதவின் தாழ்ப்பாளில் எனக்கென்று ஒரு துண்டு மல்லிகை தொங்கும். பேச்சுவார்த்தை இல்லாத நாட்களிலும் தொங்கும். அது மற்றவர்களுக்கு அளக்கிற பூ இல்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. உங்களிடம் இரண்டு முழம் இருந்தது. கடையில் அளக்கும்போது விரலை மடக்கி, முழங்கைக்கு வந்து சேருவதற்கு முன்னாலேயே நூலை வெட்டுவீர்கள். அது கடை முழம். விரலை நன்றாக நீட்டி, முழங்கையையும் தாண்டிக் கொஞ்சம் விட்டு வெட்டினால் அது வூட்டு முழம். "கடையில வூட்டு முழம் போட்டா மறுநாளு கடை இருக்காது" என்பீர்கள்.

பிறகு உங்கள் தம்பி அந்தப் பழைய வேனை வாங்கினார். சப்பை மூக்கு வண்டி. ஷெட்டுப் போட வருகிறேன் என்ற மேஸ்திரி இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார். பைப்பும் தகரமும் சிமெண்டு மூட்டையும் வந்து கிடந்தன, வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. சிமெண்டு நனைந்துவிடுமே என்று நான் சாக்குத் தேடிக்கொண்டிருந்தபோது நீங்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடப்பாரையோடு வந்தீர்கள்.

"ஏம்மா டீச்சரு, நாலு கால நட்டு மேல தகரத்தப் போடறதுக்கு மேஸ்திரி எதுக்கு? நீ அந்தப் பக்கம் தோண்டு, நான் இந்தப் பக்கம் தோண்டறேன்."

டேப்பு இல்லை. அதை வேனிலேயே போட்டுக்கொண்டு உங்கள் தம்பி உரக்கடைக்குப் போயிருந்தார். முழத்தில் அளந்துகொள்ளலாம் என்றீர்கள். எனக்கும் அப்போது அது சரியாகவே பட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மீட்டரும் சென்டிமீட்டரும் போட்டுக் காட்டுகிறவள் நான். விடுமுறை நாட்களில் அதிகம் பேசாமலே உங்களோடு உட்கார்ந்து பூக் கட்டிக் கட்டி எனக்கும் புத்தி முழத்துக்கு மாறிவிட்டது போல.

"எந்த முழம் அண்ணி?"

"வூட்டு முழந்தான். வூடு தானே கட்டறோம்."

இடப்பக்கம் நீங்கள் அளந்தீர்கள், வலப்பக்கம் நான் அளந்தேன். இருவரும் சத்தம் போட்டு எண்ணினோம், எண்ணிக்கை பிசகவில்லை. குழி தோண்டி, பைப்பை நிறுத்தி, கலவை ஊற்றி முடித்தபோது தூறல் ஆரம்பித்தது. எனக்கு அப்படி ஒரு பெருமை. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய உங்கள் தம்பி பின்பக்கம் போய் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு டேப்பை எடுத்தார். இடப்பக்கம் ஜாஸ்தி, வலப்பக்கம் கம்மி. பின்சுவர் கோணல்.

நீங்கள் என் கையைப் பிடித்துத் தூக்கி, உங்கள் கையோடு ஒட்டி வைத்துப் பார்த்தீர்கள்.

"இவ்ளோ குட்டக் கையா உனுக்கு? மொதல்லயே சொல்றதில்ல?"

நான் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். அந்த வீட்டில் நாம் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. சிமெண்டு இறுகிவிட்டதால் கோணலும் நிலைத்துவிட்டது. கூரைத் தகரம் மட்டும் நேர்த் தகரம். வலப்பக்கம் பின்னால் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வெட்டிவிடலாம் என்றார் உங்கள் தம்பி. அதற்குள் அதன் நிழலில் நம் கோழி உட்கார்ந்துவிட்டது. "உடுடா, கோழிக்கும் ஒரு ரூம் வோணுமில்ல?" என்று முடித்துவிட்டீர்கள்.

நீளமான இடது மூலை உங்கள் பட்டறை ஆயிற்று. பெஞ்சுக்கு மரம் தேடிக் கல்வராயன் மலைக்குப் போனோமே, வெள்ளிமலைக்குப் பக்கத்தில். உங்களிடம் பூ வாங்குகிற ஒரு அம்மாவின் பிறந்த வீட்டுக் கொல்லையில் காற்றுக்குச் சாய்ந்த பலாமரம். அறுத்து வைத்திருந்த பலகை வேனுக்குள் அடங்கவில்லை. பின்கதவைத் திறந்து வைத்து, வெளியே நீண்ட நுனியில் என் சிவப்புத் துண்டைக் கட்டி, பலகையின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டீர்கள். வளைவுக்கு வளைவு, "டீச்சரு, என்னப் புடிக்காத, பலகயப் புடி" என்று ஒரே அதட்டல். கச்சிராயபாளையம் வந்து சேர்வதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. நீங்கள் இறங்கி டீ குடித்துவிட்டு, டீயில் சர்க்கரை கம்மி என்று குறைப்பட்டுக்கொண்டீர்கள்.

பெஞ்சின் உயரம் உங்கள் கையால் இரண்டு வூட்டு முழம். உங்களுக்கு இடுப்பு வலிக்காத உயரம். எனக்கு நெஞ்சு வரைக்கும் வந்தது. "டீச்சருக்கு ஒரு மேடை" என்று ஒரு ஹாலோ பிளாக் கல்லைக் கொண்டுவந்து போட்டீர்கள். அதன் மேல் நின்றுதான் நான் டிரில்லைப் பிடிக்கப் பழகினேன். உங்களுக்கு மட்டும் எல்லாம் வந்ததா என்ன? போனில் வீடியோ பார்த்துப் பார்த்து நாம் இருவரும் ஒன்றாகத்தான் தப்புச் செய்தோம். முதலில் செய்த ஸ்டூல் ஆடியது. ஒரு காலை வெட்டினோம், மறுகால் ஆடியது. வெட்டி வெட்டிக் கடைசியில் அது மணையாகிவிட்டது. இன்றைக்கும் அதில் உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறேன். பிறகு கை தேறியது. கடைக்குப் பூத்தட்டு வைக்க மடக்கு மேசை, நோட்டுத் திருத்தும்போது என் கழுத்து வலிக்காமல் இருக்கச் சாய்வுப் பலகை, மாடிக்கு ஏணி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டுக்குள் போனால் மதியச் சாப்பாட்டுக்கு உங்கள் தம்பி வந்து கதவைத் தட்டுவார். பேசியதெல்லாம் அங்கேதான். நீங்கள் வாழப்போன வீட்டைப் பற்றியும் ஒருநாள் சொன்னீர்கள், உப்புத்தாளைத் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல். எனக்கு அக்கா தங்கை கிடையாது. இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்கு நினைத்தேன். உங்களிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

கடைசியாகக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் உங்கள் கை சும்மா இருக்கவில்லை. கட்டில் பக்கத்து அலமாரியை முழம் போட்டுப் பார்த்தீர்கள். "ஒரு முழங்கூட இல்ல. இதுல இன்னாத்த வெக்கறது? வூட்டுக்குப் போனதும் நல்லதா ஒண்ணு செஞ்சி எடுத்தாந்து குடுக்கலாம்" என்றீர்கள். நீங்கள் வீட்டுக்கு வரவில்லை.

நேற்று ஆட்டுக்குப் பிறகு நான் உங்கள் தம்பியிடம் நேராகவே கேட்டேன். கார் ஒரு சாக்கு, உண்மையில் ஏன் இடிக்கப் பார்க்கிறீர்கள் என்று.

"உள்ள போனாலே அக்கா பெஞ்சாண்ட நிக்கற மாதிரி இருக்குது. என்னால ஆவல."

"எனக்கும் அப்படித்தாங்க இருக்குது. அதுக்குத்தான் இருக்கட்டும்னு சொல்றேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாம்பாரில் உப்புப் போடாததற்கு அப்போதுதான் வருத்தப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை முடிகிற வரைக்கும் அவகாசம் கேட்டேன். கதவு மூடினால் ஷெட்டு இருக்கும், மூடவில்லை என்றால் ஆள் வரட்டும். "தனியா நீ இன்னா பண்ணுவ?" என்றார். கேலியாக இல்லை, கவலையாகத்தான் கேட்டார்.

இன்று விடிந்ததும் பின்பக்கம் போய் நின்றேன். கார் நிற்பது வலப்பக்கம். முட்டுவதும் வலப்பக்கம்தான், என் குட்டைக் கை அளந்த பக்கம். மேலே பார்த்தேன். கோழி ரூம். அன்றைக்கு நாம் வெட்டாமல் விட்ட கூரைத் தகரம் அங்கே நீட்டிக்கொண்டு நிற்கிறது. பின்சுவர் வெறும் தகரம். காரின் மூக்கு அகலத்துக்கு அதை அறுத்து வெளியே ஒரு பெட்டி வைத்தால் போதும், பெட்டிக்குப் பாதிக் கூரை ஏற்கெனவே தயார். வண்டிக்கு மூக்கு இருந்தால் ஷெட்டுக்கும் ஒரு மூக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

டேப்பு கொக்கியில்தான் தொங்கியது. நான் எடுக்கவில்லை. உங்கள் பூக்கட்டும் நூல்கண்டிலிருந்து பெஞ்சின் உயரத்துக்கு நூலை அறுத்து, இரண்டாக மடித்து முடிச்சுப் போட்டேன். உங்கள் வூட்டு முழம் என் கையில் இருந்தது. என் முழத்தைவிட எத்தனை பெரிது என்று பார்த்தபோது அன்றைக்கு நீங்கள் திட்டியது நியாயம்தான் என்று தோன்றியது.

இந்தத் தடவை கையை மாற்றிப் போட்டேன். பின்சுவரிலிருந்து பெட்டியின் வலப்பக்கக் காலுக்கு உங்கள் நூலால் இரண்டு முழம், இடப்பக்கக் காலுக்கு என் கையால் இரண்டு முழம். கட்டிங் மிஷினில் தகரத்தை அறுத்தேன், கோழி ஊரைக் கூட்டியது. பைப்பை நிறுத்திக் கலவை ஊற்றினேன். தகரத்தைத் தூக்கியபோதுதான் தனி ஆள் என்பது உறைத்தது. ஒரு நுனியைப் பிடித்தால் மறுநுனி மண்ணில் கிடந்தது. திரும்பிப் பார்த்தால் உங்கள் தம்பி வந்து அந்த நுனியைப் பிடித்திருந்தார். ஆணி அடிக்கச் சொன்னாலே ஆளைக் கூப்பிடுகிற மனிதர்.

"அக்கா இருந்தா இந்நேரம் திட்டிக்கினே இருக்கும்."

"நல்லாப் புடிங்க, ஆடுது. இல்லனா நான் திட்டுவேன்."

சாயங்காலம் வண்டியை உள்ளே விட்டார். மூக்கு மூக்குக்குள் போயிற்று. கதவு இரண்டையும் இழுத்தேன், மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து அவர் உடனே வரவில்லை. காரின் விளக்கு தகர இடுக்கு வழியே பெஞ்சுப் பக்கம் தெரிந்துகொண்டிருந்தது. நான் கூப்பிடவில்லை. வெளியே வந்ததும் போனை எடுத்துக் கான்ட்ராக்டரிடம் வேண்டாம் என்று சொன்னார். பின்சுவரைப் போய்ப் பார்த்தோம். கோணல் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை.

உங்கள் பெஞ்சில் வைக்கப் பூ வாங்கலாம் என்று அப்படியே சின்னசேலம் போனோம். உங்கள் இடத்தில் இப்போது வேறொரு அம்மா உட்கார்ந்திருக்கிறாள். கைப்பையிலிருந்து நூலை எடுத்து நீட்டி, இந்த முழத்துக்கு வேண்டும் என்றேன். வாங்கித் தன் கையில் வைத்துப் பார்த்தாள்.

"இது யார் முழம் டீச்சர், இவ்ளோ ஜாஸ்தியா இருக்குது?"

"எங்க அண்ணி முழம். உங்களுக்கு முன்னாடி இங்கதான் கடை போட்டிருந்தாங்க."

"அவங்களா? அவங்க பக்கத்துலயே ஒக்காந்து எத்தினியோ நாளு வித்திருக்கேன். என் முழத்தவிட அவங்களது கம்மியாச்சே."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவளுக்கு என்ன தெரியும், அவள் பார்த்ததெல்லாம் கடை முழம். பூவை அவள் அளவிலேயே வாங்கிக்கொண்டேன். நூலை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.