யார் மேல் கட்டினீர்கள் அந்தப் பிராதை?

வாய்க்கு வாய் சண்டையும் போட்டு, பாண்டி பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கியும் வந்த என் அத்தைக்கு,

வருகிற மாசத்தோடு நீங்கள் போய் ஒரு வருஷம். அரசாங்கம் கொடுத்த கலர் டிவி இப்போது பச்சை நிறத்தில் மட்டும்தான் ஓடுகிறது. உங்கள் பிள்ளை அதன் மண்டையில் தட்டித் தட்டிச் செய்தி பார்க்கிறார். ஜங்ஷன் ரோட்டைத் தோண்டிப் போட்டு ஆறு மாசம் ஆகிறது, மூடுகிற வழியைக் காணோம். உங்கள் பேத்தி மூன்றாம் வகுப்பு. எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று கேட்டு என் உயிரை வாங்குகிறாள். அது யார் வீட்டு ரத்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கடிதம் ஊர்ச் சேதி சொல்ல இல்லை. ஒரு கேள்வி எனக்குத் தொண்டைவரை வந்து வந்து எட்டு வருஷம் நின்றது. கொளஞ்சியப்பர் கோயிலில் நீங்கள் ஒரு பிராது கட்டினீர்களே, அது யார் மேல்? என் மேல்தானே?

இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. விருத்தாசலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற கோயில் அது. மனசு நொந்தவர்கள் அங்கே போய், யார் நமக்கு என்ன செய்தார்கள் என்று சாமிக்கே ஒரு காகிதத்தில் புகார் எழுதி, முனியப்பர் முன்னால் நிற்கிற வேலில் கட்டிவிட்டு வருவார்கள். சாமி நம் வீட்டுக்கு வந்து விசாரிக்க வேண்டும் என்பதால் முழு முகவரியும் எழுத வேண்டும். காரியம் முடிந்தாலோ மனசு மாறினாலோ திரும்பப் போய் வாபஸ் வாங்க வேண்டும். எங்கள் ஊரில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டால், "பிராது கட்டிருவன், பாத்துக்க" என்பது சாதாரணப் பேச்சு.

நான் கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷம் அது. நீங்கள் செராமிக் கம்பெனியில் பினிஷிங் வேலை. அச்சிலிருந்து எடுத்த கப்புகளை, அரை ஈரத்தில் இருக்கும்போதே, விளிம்பு சுரண்டி ஸ்பாஞ்சால் துடைத்து வைக்கிற வேலை. சாயங்காலம் தலை, புருவம், புடவை எல்லாம் வெள்ளை மண்ணோடு வருவீர்கள். கையில் எப்போதும் ஒரு ரிஜெக்ட் கப் இருக்கும். வாய் கோணியது, பிடி கோணியது என்று நம் வீட்டு அடுப்படி நிறைய அந்தச் சாமான்தான்.

எங்கம்மா முதல் தடவை வந்தபோது அதில் ஒன்றில் டீ கொடுத்துவிட்டீர்கள். பிடியில்லாத கப். எங்கம்மா முந்தானையால் பிடித்துக் குடித்ததைப் பார்த்ததும் எனக்கு ஆங்காரம் வந்துவிட்டது. அவர் பஸ் ஏறினதும் ஆடினேன் ஓர் ஆட்டம். "எங்கம்மாவுக்குன்னு பாத்து ஒடசலை எடுத்துக் குடுக்குறீங்க. இந்த நெஞ்சழுத்தத்துக்கு உங்க நெஞ்சுலயே புழு வெக்கும்" என்றேன்.

நீங்கள் "எல்லாரும் அதுலதானடி குடிக்கிறோம்" என்று மட்டும் முனகினீர்கள். அதோடு நானும் பேச்சை நிறுத்தினேன். சோறு போட்டு வைத்தால் உங்களைக் கூப்பிட மாட்டேன், சுவரைப் பார்த்து "சோறு ஆறுது" என்பேன். நீங்களும் அதே சுவரைப் பார்த்து "வரேன்" என்பீர்கள். அந்தச் சுவருக்கு மட்டும் வாய் இருந்திருந்தால் நம் இரண்டு பேரையும் காறித் துப்பியிருக்கும்.

அடுத்த வாரம் காய்கறிக்காரம்மா வந்து, "உன் மாமியாரு கொளஞ்சியப்பர் கோயில்ல கெடந்துது, பிராது கட்ட வந்துதாமே, என்னா வெவகாரம்?" என்று கேட்டது. என் மேல்தான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். அடுத்த இரண்டு மாசத்துக்குள் உங்கள் இடது மார்பில் கட்டி. புழு வைக்கும் என்று நான் சொன்ன அதே நெஞ்சு.

பாண்டி ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது என்று வந்தபோது உங்கள் பிள்ளை லீவு இல்லை என்றார். நான் போகிறேன் என்றேன். எல்லாரும் மெச்சினார்கள். மருமகள்னா இப்படி இருக்கணும் என்றார்கள். பயத்தில்தான் வந்தேன் அத்தை, பாசத்தில் இல்லை. பாசம் எல்லாம் அப்புறம் வந்தது. எப்போது வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபட மாட்டேன் என்கிறது. கடலூரில் பஸ் மாறுகிற இடத்தில் என் பங்குச் சுண்டலையும் பிடுங்கித் தின்றீர்களே, அப்போதா?

ஆப்பரேஷன் முடிந்து முதல் தடவை டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தீர்கள். மார்பு ஒரு பக்கம் இல்லை. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"டாக்டரம்மா, இது ஏன் வந்துது?"

"இதுதான் காரணம்னு சொல்ல முடியாதும்மா. உங்க தப்பு எதுவும் இல்ல."

"காரணம் இல்லாம எப்பிடி வரும்? எங்க கம்பெனில சூளையிலேர்ந்து கீறலோட ஒரு கப்பு வந்தா, ஈரத்துல வெச்சதா, எங்கனா இடிபட்டதா, மண்ணு ஒருபக்கம் தடிப்பா, பாத்தே சொல்லிருவன். வாயால சொல்லி ஒரு நோவு வருமா?"

பக்கத்து ஸ்டூலில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டரம்மா சிரித்தார். "வாயால வர்றதா இருந்தா ஊர்ல ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்கம்மா" என்றார். நீங்கள் சிரிக்கவில்லை. நானும்தான்.

கரண்டு என்று சொல்கிற கதிர்வீச்சு வைத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், சரியாகிவிட்டது என்றார்கள். நீங்கள் திரும்ப வேலைக்குப் போனீர்கள். இடது கை வீங்கி உலக்கை மாதிரி இருந்தது, வலது கையாலேயே கப்புத் துடைத்தீர்கள். மூன்று வருஷம் போயிற்று. தையல் போட்ட இடத்திலேயே மிளகு மாதிரி ஒன்று திரும்ப எழுந்தது. அப்புறம் ஒன்றரை வருஷம் நல்லா இருந்தீர்கள். அப்புறம் இடுப்பு எலும்பு. அதையும் அடக்கினார்கள். கடைசியில் நுரையீரல். ஒவ்வொரு தடவையும் அதே டாக்டரம்மா, அதே கேள்வி. "இப்ப ஏன் திரும்ப வந்துது? நடுவுல எங்க போயிருந்துது?"

எவ்வளவு கேட்பீர்கள்! கீமோ மருந்து ஏன் சிவப்பாக இருக்கிறது, தலைமுடி கொட்டும்போது புருவம் மட்டும் ஏன் நிற்கிறது, கரண்டு மெஷினுக்குள் என்ன எரிகிறது, நம்ம சூளையைவிடச் சூடா. மெஷின் ஓட்டுகிற தம்பி ஒருநாள் உங்களுக்குப் பயந்து வேறு வழியாகப் போனார். வார்டில் பாதிப் பேருக்கு அவர்கள் நோயைப் பற்றி நீங்கள்தான் விளக்கம் சொன்னீர்கள். இதில் எல்லாம் நான் சிரித்தேன். அந்த 'ஏன் வந்துது' வரும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வராது. எனக்குக் கேட்கட்டும் என்றே கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். நோய் ஒவ்வொரு தடவை திரும்பி வந்தபோதும், என் வாயிலிருந்து போன வார்த்தைதான் வழி தெரிந்து திரும்பி வருகிறது என்று நம்பினேன். இரண்டு பிள்ளை பெற வேண்டியவள் ஒன்றோடு நிறுத்தினேனே, எதனால் என்று நினைக்கிறீர்கள்? என் பாவம் இன்னொன்றின் மேல் விழ வேண்டாம் என்றுதான். உங்கள் பிள்ளைக்குக்கூட இது தெரியாது.

கடைசி வாரம் ஒரு மத்தியானம், என் கையைப் பிடித்துக்கொண்டு, "விஜயா, அந்தக் கொளஞ்சியப்பர் கோயில்ல நான்..." என்று ஆரம்பித்தீர்கள். இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். "பேசாதீங்க அத்த, மூச்சு வாங்குது பாருங்க, கஞ்சியக் குடிங்க" என்று டம்ளரை வாயில் வைத்தேன். நீங்கள் குடித்தீர்கள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தீர்கள். அதற்கு அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆக்சிஜன் வந்துவிட்டது.

உங்கள் வாயை அடைத்தவள் நான்தான். ஒரு வருஷமாக அதை நினைத்து நினைத்து எனக்கே என் மேல் ஆத்திரம்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக ஸ்டெல்லா அக்கா நம் வீட்டுக்கு வந்தார். உங்களோடு ஒரே மேஜையில் பதினைந்து வருஷம் கப்புத் துடைத்தவர். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "பாண்டி ஆஸ்பத்திரிக்கு நீங்க எந்த பஸ்ஸுக்குப் போவீங்க விஜயா?" என்றார். யாருக்கு என்றேன். தன் வலது மார்பைக் காட்டினார். ஒரு மாசமாகக் கட்டி இருக்கிறதாம். வீட்டில் சொல்லவில்லையாம்.

கைபிடித்து உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் அழுதார். அப்புறம், "இது எனக்கு வர வேண்டியதுதான். உன் மாமியாருக்கு அந்தப் பிராது எழுதிக் குடுத்தது இந்தக் கைதான்" என்றார்.

 எழுதத் தெரியாத நீங்கள் யாரிடம் எழுதி வாங்கியிருப்பீர்கள் என்று எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். நானெல்லாம் பத்தாவது பாஸ்.

"எம்மேலதான?" என்றேன்.

"ஒம்மேலதான். ஆனா திட்டி இல்ல. நீ புழு வெக்கும்னு சொன்னத நான் மொதல்ல எழுதிட்டன். 'அத அடிச்சிரு ஸ்டெல்லா, சின்னப் பொண்ணு கோவத்துல சொல்லிட்டா, சாமி அத வெவகாரமா எடுத்துக்கப் போவுது'ன்னாங்க. அடிச்சிட்டு வேற எழுதச் சொன்னாங்க. 'என் மருமக எங்கூட மொகங்குடுத்துப் பேச மாட்டேங்குறா. செவுத்துகிட்ட பேசறா. அவள எங்கூடப் பேச வெய்யி சாமி.' அவ்வளவுதான் விஜயா. ரெண்டே வரி."

அத்தை, இதுவா? இதற்கா நான் எட்டு வருஷம் செத்துச் செத்துப் பிழைத்தேன்?

ஸ்டெல்லா அக்கா இன்னும் முடிக்கவில்லை. நோய் வந்ததும் நீங்கள் பயந்துவிட்டீர்களாம். "பேச வெக்கச் சொன்னன், அதுக்கு இந்த வழியாடி? நான் கேட்டு வாங்குனதுக்கு அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரி பெஞ்சுல கெடக்குதே" என்று மேஜையில் உட்கார்ந்து அழுதீர்களாம். ஆக, டாக்டரம்மாவிடம் நீங்கள் கேட்டது என் வாயைப் பற்றி இல்லை. உங்கள் வாயைப் பற்றி.

இரண்டாம் தடவை கட்டி எழுந்தபோது, ஸ்டெல்லா அக்காவையே கூட்டிக்கொண்டு போய்ப் பிராதை வாபஸ் வாங்கியிருக்கிறீர்கள். அதற்கு அப்புறமும் இடுப்பு எலும்பில் வந்ததே. வந்த உடனே கம்பெனி வாசலில் நின்று ஸ்டெல்லா அக்காவிடம் என்ன சொன்னீர்கள் என்று அவர் அப்படியே உங்கள் குரலில் சொல்லிக் காட்டினார்:

"வாபஸ் வாங்கியும் நோவு போவுல. வாபஸ் வாங்கியும் அவ பேசறதும் நிக்கல, காது வலிக்குது. அப்ப ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லடி ஸ்டெல்லா! இத விஜயாகிட்ட சொல்லிச் சிரிக்கணும் ஒரு நாளைக்கி."

கீறின கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி இதையும் பார்த்திருக்கிறீர்கள். இது காரணம் இல்லை என்று தெரிந்ததும் தூக்கிப் போட்டுவிட்டீர்கள். அதைச் சொல்லிச் சிரிக்கத்தான் அன்றைக்கு என் கையைப் பிடித்தீர்கள், இல்லையா? நான் கேட்டிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்திருப்போமே. ஏன் இரண்டு வருஷம் தள்ளிப் போட்டீர்கள்? நான் என்ன நினைத்துக் கிடக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்துதான் என் பங்குச் சுண்டலைப் பிடுங்கினீர்களா? இதற்கெல்லாம் இனி யார் பதில் சொல்வார்கள்?

ஸ்டெல்லா அக்கா எல்லாம் சொல்லிவிட்டும் தெளியவில்லை. "அவங்க வாபஸ் வாங்கிட்டாங்க. எழுதுன நான் வாங்கலியே. அதுவும் வேற சாமிக்கு எழுதுனன். அதான் எழுதுன கை இருக்கற வலது பக்கமே வந்துருக்கு" என்கிறார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஒரு நோய்க்கு எத்தனை பேர்தான் நான் நான் என்று கையைத் தூக்குவது?

செவ்வாய்க்கிழமை விடிகாலை பஸ்ஸுக்கு ஸ்டெல்லா அக்காவை நான் கூட்டிக்கொண்டு போகிறேன். கட்டியைக் குத்திப் பார்த்துத்தான் சொல்வார்கள். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், நமக்கு வந்த மாதிரி வருஷக்கணக்கில் இழுக்கவும் செய்யலாம். எத்தனை தடவை திரும்பி வந்தாலும் அத்தனை தடவையும் பக்கத்து ஸ்டூலில் நான் இருப்பேன். இந்தத் தடவை பயந்துகொண்டு இல்லை.

புழு வைக்கும் என்று சொன்னதற்கு என்னை மன்னித்துவிடுங்கள் அத்தை. ஏழு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்தும் உங்களிடம் இதைச் சொல்லத் துப்பில்லாமல் போனேன். செவ்வாய்க்கிழமை பஸ் ஜங்ஷனைத் தாண்டுவதற்குள், நான் சொன்ன அந்த வார்த்தையையும், அதுதான் நோயாக வந்தது என்று எட்டு வருஷம் நான் நம்பிக் கிடந்ததையும் ஸ்டெல்லா அக்காவிடம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அடிக்கச் சொன்ன வார்த்தைதான், ஆனாலும் சொன்னவள் வாயால் அவர் கேட்கட்டும்.

சுவரிடம் பேசிக்கொண்டிருந்த, அப்புறம் உங்கள் காது வலிக்கப் பேசிய உங்கள் மருமகள்,
விஜயா