உப்புக்காற்றுப் படாத பெட்டிகள்

மச்சான்,

பெற்றோலுக்கு ஆட்கள் இரவும் பகலும் வரிசையில் கிடந்த வருஷத்தை நீ காணவில்லை. அது கழிந்து இரண்டு மாரி போய், இது அடுத்த மாரி. எழுத்துத் தெரியாதவன் வருஷத்தை வேறு எப்படிச் சொல்வது? நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நீயும் அந்த நாளில் குவைத்திலிருந்து கசற்றில் பேசித்தானே அனுப்புவாய்.

போன வியாழக்கிழமை கல்முனை பஸாரில், பழைய சாமான் விற்கும் கடை வாசலில் உன் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டையும் கண்டேன். மழைத்தண்ணீர் படாமல் கதிரைகளின் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். முதலில் நம்பவில்லை. கிட்டப் போய் ஒன்றின் தலையைத் தடவினேன். வளையம் இருந்தது. பெருநாளன்று உன் பெண்சாதி வட்டிலப்பச் சட்டியை ஆவி பறக்கக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தாளே, அந்தக் கறுப்பு வளையம்.

"இது மேசை இல்லகா!" என்று நீ கத்தினாய்.

"பள்ளி மிம்பர் மாதிரித் துடைக்கிறீங்க. ஒரு சட்டி வைக்கேலாதா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

கடைக்காரர் காரைதீவு ஆள். நான் தடவுவதைக் கண்டு, தன் போனிலிருந்து ஒரு பாட்டைப் போட்டார். காது மந்தமான எனக்கே நெஞ்சுக்குள் இடித்தது.

"உப்புக்காத்துப் படாத பெட்டி, காக்கா. கடக்கரைப் பக்கம் கிடந்திருந்தா உள்ளுக்குத் துருப்பிடிச்சி எப்பவோ செத்திருக்கும்."

"தெரியும்" என்றேன்.

"எப்பிடித் தெரியும்?"

"வச்சிருந்தவனத் தெரியும்."

"அப்ப எடுங்களன். ஒலுவில் ஊராக்கள் ரெண்டு பேர் கேட்டுட்டுப் போறாங்க. சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பன். பொறகு குடுத்திடுவன்."

வீட்டுக்கு வந்து, வெறுமனே கிடந்த பக்கத்து அறையின் மூலையிலிருந்த நெல் மூட்டைகளை ஒதுக்கினேன். "காது கேக்காத மனிசனுக்கு ஸ்பீக்கரா வாப்பா?" என்றாள் மகள். அதையும் அவளையே எழுத வைக்கிறேன்.

வாங்கத்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் கடைக்காரர் சொன்ன உப்புக்காற்று என்னை விடவில்லை.

கடல் ஊருக்குள் ஏறி வந்த வருஷம், ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு உன் மூத்தவளைக் கட்டிக்கொடுத்தாய். நம் ஊரில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் வீடும் அவளுக்குத்தான். பெற்றவர்கள் வெளிக்கிட வேண்டும். நீயும் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு, கடற்கரை வளவில் பலகை வீடு அடித்துக்கொண்டு போனாய். வண்டியில் கட்டிலை ஏற்றினோம். தையல் மெசினை ஏற்றினோம். உன் பெண்சாதியும் இளைய பெண்பிள்ளைகள் இருவரும் ஏறிக்கொண்டார்கள். நான் ஒரு பெட்டியைத் தூக்க, நீ ஓடிவந்து மறித்தாய்.

"வை மச்சான், வை! பெட்டிக்கு உப்புக்காத்து ஆகா. இது றோட்டுக்கு மேக்கால இருக்கட்டும்."

"அப்ப ஒனக்கு?"

"மனிசனுக்கு உப்பு என்ன செய்யும்? உப்புப் போட்டுத்தானே சோறு திங்கிறம்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிய, மகள் வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து பெட்டிகளைக் கேட்டுவிட்டுப் போவாய்.

கடல் வந்த அன்று உன் மகளின் வாசற்படி நனையவில்லை. பெட்டிகளில் தூசிதான் இருந்தது. உன்னைப் பனைவடலிக்குள் எடுத்தோம். உன் பெண்சாதியை அவளுடைய சேலைக்கரையை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். ஒரு பிள்ளையை எடுத்தோம். மற்றவளை எடுக்கவேயில்லை. குளிப்பாட்ட நேரமுமில்லை, தண்ணீருமில்லை. வெட்டிய பெரிய குழியில் ஆட்களோடு ஆட்களாக உன்னை வைத்தோம். எந்த இடத்தில் நீ கிடக்கிறாய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு மரக்கன்றுதான் அடையாளம், அதுவும் பட்டுவிட்டது.

நேற்று மூத்தவளிடம் போனேன். புருஷன் மௌத்தான பிறகு அவள் மெலிந்துவிட்டாள். அவளுடைய மகளுக்கும் இப்போது கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள்.

"வாப்பாட பெட்டியக் குடுத்திட்டியா மகள்?"

"ஓம் மாமா. மருமகன் வாறத்துக்கு முன்ன வீட்ட ஒதுக்கிக் குடுக்கணுமே."

"நீ எங்க போற?"

"வாப்பாட வளவு சும்மாதானே கிடக்கு. ரெண்டு அறை கட்டியிருக்கன். பெட்டியையும் கொண்டு போகத்தான் பார்த்தன். பொறகு, பெட்டிக்கு உப்புக்காத்து ஆகாதெண்டு வாப்பா சொன்னது ஞாபகம் வந்திச்சி. அதான் குடுத்தன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள், மச்சான். தேத்தண்ணிக்குச் சீனி காணுமா என்றும் கேட்டாள். நான் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வந்தேன்.

இன்று சனி. நான் கடைக்குப் போகவில்லை. அந்தப் பெட்டிகளை ஒரு தரம் காப்பாற்றியது போதும். விடிந்ததும் திரும்பவும் அவளிடம்தான் போனேன்.

"அங்க போகாத மகள். எங்கட வீட்ட வா. அறை ஒண்டு இருக்கு, மூட்டையெல்லாம் ஒதுக்கிட்டன்."

"வாப்பாட வளவு இருக்கக்குள்ள அடுத்தவங்கட வீட்டில இருந்தா ஊர் என்ன கதைக்கும் மாமா?"

"ஊரக் கொண்டுபோய்க் கடக்கரையில வை!"

சிரித்தாள். வண்டியடியில் நின்று நீ சிரித்த அதே சிரிப்பு. அதுதான் எனக்குப் பயம்.

ஒலுவில் ஆட்கள் இந்நேரம் பெட்டிகளை ஏற்றியிருப்பார்கள். போகட்டும். ஒதுக்கிய மூலையில் என் மகள் கட்டில் போட்டு, பாயும் விரித்து வைத்திருக்கிறாள். அன்று அந்த வண்டியில் ஏறிப்போனவர்கள் ஒருவரும் இல்லை. புதுச்சேலையோடு வாசலில் நின்று உங்களுக்குக் கை காட்டியவள் மட்டும்தான் மிச்சம். நாளைக்கும் போவேன். அவள் வரும்வரை போய்க் கேட்பேன், உன் மகள் றிஸ்வானாவை.