மிலிட்டரி வாரிசு

அன்புள்ள மானசாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகம், அப்பாவின் கௌரவத்துக்குத்தான் ஒரு வாரமாகக் காய்ச்சல். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிரில் நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாமென்றால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று இருமுகிறார், அதனால் பருப்புப்பொடிப் பார்சலோடு இதையும் வைத்து அனுப்புகிறேன்.

படைவீரர்களின் வாரிசுகள் சேர்ந்து ஊருக்கு உழைக்கிற ஒரு குழுவை நம் காலனி கிருபாசங்கர் ஆரம்பித்திருக்கிறார். ரத்ததானம், கண் சிகிச்சை முகாம், வயதான படைவீரர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்று எல்லாம் நல்ல வேலைதான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆள் சேர்க்க உன் அப்பாவைப் பற்றி அவர் ஊர் பல்லடத்தில் விசாரித்திருக்கிறார், திருமலைசாமியா, அவர் மிலிட்டரிக்காரர் மகனாச்சே என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள், உன் அப்பாவைப் பெற்ற அப்பாரு காலமெல்லாம் பஸ் ஸ்டாண்ட் எதிரில் மிலிட்டரி ஹோட்டல் நடத்தியவர் அல்லவா. அவர் பார்த்த போரெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடல் குழம்புக்கு நடந்த போர்தான். உன் அப்பா பொய் சொல்லவில்லை, கழுத்தை நீட்டினார், மாலை விழுந்தது. மறுநாளே மீசையை முறுக்கிக்கொண்டு வாக்கிங் போனார், காபி கேட்பதுகூட உத்தரவு போடுவது போலத்தான்.

அதுவரை நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் அப்பா, உன் அப்பிச்சி, நிஜமாகவே பட்டாளத்தில் நாயக் பதவியில் லாரி ஓட்டியவர், நானும் சேர்கிறேன் என்று கிருபாசங்கரிடம் சொன்னேன். அவர் ரொம்பப் பணிவாக, "தப்பா நெனைக்காதீங்க அம்மணி, கட்டிக்குடுத்த புள்ளைங்க அந்த ஊட்டுக் கணக்குங்க. நீங்க மெம்பர் சம்சாரமா வந்து டிபன் பொறுப்பப் பாருங்க" என்றார். உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவே இல்லை. எனக்குச் சுருக்கென்றது கண்ணு. உன் அப்பிச்சிக்கு லடாக் பனியில் கால்விரல்கள் போய்விட்டன, நடக்கும்போது ஷூ கழன்றுவிடும். நான் பள்ளிக்கூடம் கிளம்புமுன் அந்த ஷூவின் நுனியில் பஞ்சு அடைத்து வைப்பேன், அவருக்கு வேறு பிள்ளை ஏது. அந்தக் காலைத் தொட்ட எனக்குப் பாத்தியதை இல்லையாம், ஆட்டுக்கால் சூப் வைத்த வீட்டுக்கு உண்டாம்.

போன ஞாயிறு காரமடையில் கண் முகாம். சிறப்பு விருந்தினராக ரிட்டயர்டு கர்னல் ஒருவர் வந்திருந்தார், நான் உப்புமா அண்டாவோடு ஓரமாக நின்றேன். அவர் வரிசையாகக் கைகுலுக்கிக்கொண்டே வந்து உன் அப்பாவிடம், தகப்பனார் எங்கே சர்வீஸ் என்று கேட்டார். மனிதருக்கு வேர்த்து ஊற்றியது, பல்லடம் பஸ் ஸ்டாண்ட் எதிர்லீங்க என்றார். அங்கே எந்த யூனிட் என்று கர்னல் விடாமல் கேட்க, கண் காட்ட வந்திருந்த ஒரு பெரியவர், "அட, நம்ம மிலிட்டரி ஓட்டல் பையனுங்களா, உங்கய்யன் வெச்ச தலைக்கறி இன்னும் நாக்குல நிக்குதுங்க" என்று போட்டு உடைத்தார். உன் அப்பா சட்டென்று, எங்க மாமனார் பட்டாளத்துல இருந்தாருங்க என்று உன் அப்பிச்சியைப் பிடித்துக்கொண்டார். கிருபாசங்கரும் கூசாமல், மருமகனும் வாரிசுதானுங்களே என்றார். எனக்கு வந்ததே கோபம், கரண்டியை அண்டாவிலேயே போட்டுவிட்டு முன்னால் போய் நின்றேன்.

"மருமகன் வாரிசுன்னா, மக ஆருங்க?" என்று கேட்டேன்.

கர்னல் என் பக்கம் திரும்பி அப்பா பெயர் என்ன என்று கேட்டார். நாயக் நஞ்சப்பன் என்று சொல்லும்போது அழுதேன்தான், அதற்கென்ன. அன்றைக்கே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். உன் அப்பாவை விலக்க வேண்டாமென்று நானேதான் சொன்னேன், இப்போது அவர் மெம்பர் வீட்டுக்காரர், டிபன் பொறுப்பு அவருடையது. உப்புமா கட்டி தட்டாமல் கிளறுகிறார், ஹோட்டல் ரத்தம் எங்கே போகும். மீசை மட்டும் தானாக இறங்கிவிட்டது.

நீயும் குழந்தையும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். பொடி டப்பாவில் ஈரக்கரண்டி போடாதே. உன் மகள் வளர்ந்து கொள்ளுத்தாத்தா என்ன வேலை செய்தார் என்று கேட்டால் இரண்டு பக்கத்தையும் சொல், அப்பிச்சியை முதலில் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா,
நாயக் நஞ்சப்பன் மகள் ராமாமணி