ஆளுக்கொரு பாய்

அன்பு மனைவிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உன் இருமல் நின்றதா?

நான் அஹ்மதி என்பது கம்பெனி அறையில் உடன் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பயப்படாதே. அவர்கள் பின்னால் நான் தொழுவதில்லை. எங்களை முஸ்லிம் என்றே ஏற்காத அவர்களுக்கும் என்னோடு நிற்க மனமில்லை. அதனால் சமையலறையில் தனியாகத் தொழுகிறேன். நேற்று வெல்டர் அண்ணன் கேட்டார்: “உன் சம்சாரம் எங்க சுன்னத் ஜமாத்து ஆளாமே, வீட்டுல எப்படித் தொழுவீங்க?”

“ஒரே ரூம்லதான், ஆளுக்கொரு பாயில.”

“சண்டை வராதா?”

“வரும், ஃபேன் யார் பக்கம்னு.”

சிரித்துவிட்டார். இன்று நான் தொழ நின்றதும், குக்கர் விசில் அடிக்காதபடி அடுப்பை அணைத்துவிட்டுப் போனார். அந்த அமைதியில் உன் வளையல் சத்தத்தைத் தேடினேன்.

உன் பழைய துப்பட்டா ஒன்று அனுப்பு. ஜன்னலுக்குத் திரை இல்லை.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. நம் கல்யாணத்திலிருந்து என் சலாமுக்குப் பதில் சொல்லாத உன் அத்தாவுக்கு, இந்த முறையும் என் சலாம் சொல்.

உன் கணவன்